சிலுவைப் போர் வீரர்களுக்கு வந்த நோய்கள்: வாசகர் கேள்விகள்

கேள்வி: எருசலேம் மன்னர் நான்காம் பால்ட்வினுக்கு வந்தது தொழுநோய்தானா? அப்புறம் எப்படிப் போருக்குப் போனார்?

தொழுநோய்தான். சிறுவயதில் பையன்கள் விளையாட்டாகக் கிள்ளிக்கொண்டபோது மற்றவர்கள் கத்தினார்கள், இவர் சும்மா இருந்தார். ஆசிரியர் வில்லியம் சோதித்துப் பார்த்தார். வலது கை மரத்துப்போயிருந்தது. உடல் சிதைந்ததும் பார்வை போனதும் பிற்பாடு. 1177ல் எகிப்து சுல்தான் சலாவுதீனை வென்றபோது வயது 16தான்.

கேள்வி: 1098ல் சிலுவைப் போர் வீரர்கள் பிடித்த அந்தியோக்கியா நகரில் பரவியது பிளேக்தானே?

இல்லை. கறுப்புச் சாவு என்ற பெரும் பிளேக் வந்தது சுமார் 250 வருடம் கழித்து. பழைய ஏட்டில் கொள்ளைநோய் என்றிருந்தால், நிறையப் பேர் செத்தார்கள் என்று மட்டுமே பொருள். டைபாய்டாக இருக்கலாம். பார்த்தவர் எழுதியது அறிகுறியை. நோய்க்குப் பெயர் வைப்பது நாம்.

கேள்வி: அக்கா (Acre) என்ற துறைமுக நகரின் முற்றுகையில் இங்கிலாந்து மன்னர் ரிச்சர்டுக்கு வந்ததாக ஏடுகள் சொல்லும் ‘அர்னால்டியா’ என்ற நோய், வைட்டமின் சி குறைவால் வரும் ஸ்கர்வி என்று படித்தேன்.

காய்ச்சல் அடித்தது, முடியும் நகமும் உதிர்ந்தன. கையில் இருப்பது அவ்வளவுதான். ஸ்கர்வியில் நகம் உதிர்வதில்லை. மறுபடியும் சொல்கிறேன், பெயர் வைப்பது நாம்.

கேள்வி: 1270ல் துனீஸில் வீரர்களின் ஈறு அழுகியதை, மன்னரின் வரலாற்றை எழுதிய ஜுவான்வில் எழுதியிருக்கிறார். அங்கே இறந்த பிரான்ஸ் மன்னர் ஒன்பதாம் லூயி ஸ்கர்வியால் இறந்தாரா?

தயவுசெய்து வருடத்தைப் பார்த்துவிட்டு எழுதுங்கள். இந்தக் குழப்பம் எனக்கு அலுத்துவிட்டது. ஜுவான்வில் துனீஸுக்கே போகவில்லை, வரமாட்டேன் என்று மறுத்தவர். அவர் எழுதியது 1250ல் எகிப்தில் கண்டதை. கால் சதை வற்றியது, தோலில் கரும்புள்ளி படர்ந்தது. வளர்ந்து அழுகிய ஈற்றை நாவிதர்கள் அறுத்தெடுத்த பிறகே மெல்லவும் விழுங்கவும் முடிந்தது. பிரசவ வலியில் பெண்கள் கதறுவது போல முகாமே அலறியதாம். அது கிறிஸ்தவர்கள் இறைச்சி தவிர்க்கும் தவக்காலம், தின்னக் கிடைத்தது ஒரு வகை மீன்தான். அந்த மீன் பிணம் தின்றதால் நோய் வந்தது என்று நம்பினார். மற்ற இடங்களில் தயங்கும் நான் இங்கே ஸ்கர்வி என்று துணிந்து சொல்வேன். அறிகுறிகள் அத்தனை தெளிவு. அதை அப்படியே 20 வருடம் தள்ளி மன்னரின் மரணத்தில் ஒட்டாதீர்கள். அவருடையது என்று போற்றப்படும் தாடை எலும்பில் ஸ்கர்வித் தடயம் தெரிவதாக 2019ல் செய்தி வந்தது. சரி, இருக்கட்டும். ஸ்கர்வி இருந்ததும் ஸ்கர்வியால் இறந்ததும் ஒன்றல்ல. காலங்காலமாகச் சொல்லப்படும் காரணம் சீதபேதி. அது எலும்பில் தடம் விடாது.

கேள்வி: பழைய கழிவறையைத் தோண்டி என்ன தெரிந்துகொள்ள முடியும்?

அக்காவில் 13ஆம் நூற்றாண்டுக் கழிவறையில் உருளைப்புழு, சாட்டைப்புழு முட்டைகள் கிடைத்தன. வயிற்றில் புழுவோடு முற்றுகையில் பட்டினி கிடந்தவன் சீக்கிரம் சாய்வான்.