வெளிமாநிலக் கட்டணமா? பணம் கட்டுவதற்கு முன்

டெக்சாஸில் ராணுவப் பணி முடித்து, ஒஹாயோ அரசுப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்ததும் வெளிமாநிலக் கட்டண பில் வந்துவிட்டது என்கிறீர்கள். அவசரப்பட்டுக் கட்டிவிடாதீர்கள். அமெரிக்காவின் 2014 சட்டப்படி, ஜி.ஐ. பில்லில் (முன்னாள் வீரர்களுக்கான அரசுக் கல்வி உதவித் திட்டம்) படிக்கும் முன்னாள் வீரர் கல்லூரி இருக்கும் மாநிலத்தில் குடியிருந்தாலே போதும், அரசுக் கல்லூரி உள்மாநிலக் கட்டணம், அதாவது அந்த மாநிலத்தவருக்கான குறைந்த கட்டணம்தான் வாங்க வேண்டும். பணி முடிந்து மூன்று வருடத்துக்குள் சேர வேண்டும் என்ற வரம்பும் 2021 ஆகஸ்டில் போய்விட்டது. சிலர் இன்னும் அந்தப் பழைய கதையையே சொல்வார்கள்.

கட்டண கவுன்டரில் வாதாடுவது வீண். ஜி.ஐ. பில் மாணவர்களின் சேர்க்கையைச் சான்றளிக்கவே ஒரு அதிகாரி இருப்பார். ஜி.ஐ. பில் தகுதிச் சான்றிதழ், வாடகை ஒப்பந்தம் இரண்டையும் அவரிடம் நீட்டுங்கள்.

அப்புறம், ஒரு வகுப்பாவது நேரில் எடுங்கள். முழுக்க ஆன்லைன் என்றால் ஜி.ஐ. பில்லில் வாடகைக்குக் கிடைக்கும் வீட்டுப்படி, அதன் தேசிய சராசரியில் பாதிதான்.