ஏற்றத்தில் தட்டும் டர்போ வீரா: பிக்கிபேக்கா, தனிக் கணினியா?

கோம்பாக்கைச் சேர்ந்த வாசகர் ஒருவர், 1.8 லிட்டர் மிட்சுபிஷி டர்போ இஞ்சின் ஏற்றிய தம் புரோட்டோன் வீராவைப் பற்றி எழுதியிருக்கிறார். பூஸ்ட்டை (டர்போ காற்றைத் திணிக்கும் அழுத்தத்தை) கூட்டி, பெட்ரோலைப் பீச்சும் இன்ஜெக்டர்களைப் பெரிதாக மாற்றி, அதற்கு ஈடுகட்ட, பழைய கணினிக்குப் போகும் சிக்னலைத் திருத்தி அனுப்பும் ஒரு பிக்கிபேக் பெட்டியையும் பட்டறையில் போட்டுக் கொடுத்தார்களாம். ஊருக்குள் குறையில்லை; கரக் நெடுஞ்சாலையில் கெந்திங் செம்பா ஏறும்போது மட்டும் தகர டப்பாவில் கற்களைக் குலுக்குவது போன்ற ஓசை எழுகிறது. அதே பட்டறை இன்னும் விலை கூடிய பிக்கிபேக்கை வாங்கச் சொல்கிறது. வேறொருவர், இஞ்சினை நடத்தும் தொழிற்சாலைக் கணினியையே எடுத்துவிட்டுத் தனிக் கணினி போடச் சொல்கிறார். யார் சொல்வது சரி என்று கேட்கிறார்.

இரண்டாமவர் சொல்வதே சரி. ஆனால் அதற்கு முன், இன்றிலிருந்து ஏற்றத்தில் அழுத்தி மிதிப்பதை நிறுத்துங்கள். நீங்கள் கேட்பது நாக்கிங், அதாவது இஞ்சினுக்குள் பெட்ரோல் கலவை தானாக வெடிக்கும் ஓசை. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, அவற்றின் வெள்ளைப் பீங்கானைப் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். மிளகுத்தூள் தெளித்தாற்போலக் கரும்புள்ளிகள் தெரிந்தால் அது எச்சரிக்கை. வெள்ளிபோல் மின்னும் துகள்கள் தெரிந்தால், பிஸ்டனின் அலுமினியமே உருகி வந்து ஒட்டியிருக்கிறது என்று பொருள்.

காரணம் எளிதானது. உங்கள் பழைய கணினி, உள்ளே வரும் காற்றின் அளவை வைத்துத்தான் பெட்ரோலையும் தீப்பொறியின் நேரத்தையும் முடிவு செய்கிறது. பெரிய இன்ஜெக்டர் அளவுக்கு மீறி ஊற்றிவிடாமல் இருக்க, "காற்று குறைவாகத்தான் வருகிறது" என்று பிக்கிபேக் அதனிடம் பொய் சொல்கிறது. கணினியும் நம்பிப் பெட்ரோலைக் குறைக்கிறது. கூடவே, இஞ்சினுக்குச் சுமை குறைவு என்றும் நம்பித் தீப்பொறியை முன்கூட்டியே விடுகிறது. சமதளத்தில் இது தெரியாது. முழு பூஸ்ட்டில், நம் ஊர் வெயிலில் மலையேறும்போது, முந்திய தீப்பொறியால் அழுத்தம் எகிறி, எரியாமல் மிஞ்சிய கலவை தானாகவே வெடிக்கிறது. ஒரு பொய்யை மறைக்க அதைவிட விலை கூடிய பொய்யை வாங்குவதில் பயனில்லை. ரீமேப் என்று சிலர் சொல்வது, தொழிற்சாலைக் கணினிக்குள் இருக்கும் கணக்கையே மாற்றி எழுதுவது; அது பெரும்பாலும் புதிய வாகனங்களுக்கு உரியது. உங்களுக்கு அது வேண்டாம்.

ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. பலர் இதைக் கேட்காமலேயே பணத்தைக் கரைப்பதால் விரித்துச் சொல்கிறேன். இந்த வாகனத்தில்தான் நீங்கள் தினமும் வேலைக்குப் போகிறீர்கள் என்றால், பழைய இன்ஜெக்டர்களையும் பழைய பூஸ்ட்டையும் திரும்பப் போட்டு, பிக்கிபேக்கைக் கழற்றிவிட்டு, தொழிற்சாலைக் கணினியோடே ஓடலாம். காலையில் முதல் சாவியில் இஞ்சின் பற்றுவதையும், ஏர்கோன் போட்டதும் ஐட்லிங் விழாமல் இருப்பதையும் அது பார்த்துக்கொள்ளும் அளவுக்கு, அவசரமாக டியூன் செய்த எந்தத் தனிக் கணினியும் பார்த்துக்கொள்வதில்லை. ஆனால் அந்தத் தொழிற்சாலைக் கணினியின் பெட்டியை ஒருமுறை திறந்து பார்த்தே ஆக வேண்டும். 1990களின் மிட்சுபிஷி கணினிகளில் கெப்பாசிட்டர் கசிந்து பலகையை அரிப்பது வழக்கம். மூடியைத் திறந்ததும் மீன் வாடை அடித்தால் அதுதான். காலத்தில் பார்த்தால் கெப்பாசிட்டர்களை மாற்றுவதோடு முடிந்துவிடும்.

வேகம்தான் வேண்டும் என்றால் ஆஸ்திரேலியாவின் ஹால்டெக், நியூசிலாந்தின் லிங்க் போன்ற தனிக் கணினி ஒன்றைப் பொருத்தி, காற்று-பெட்ரோல் விகிதத்தை அளக்கும் வைட்பேண்ட் சென்சாரோடு, இஞ்சினின் சக்தியை அளக்கும் டைனோ இயந்திரத்தில் ஏற்றி, நாக்கிங்கைக் காதால் கேட்டு டியூன் செய்பவரிடம் கொடுங்கள். அன்றாடம் ரோன் 95 பெட்ரோல் ஊற்றுகிறவர், நாக்கிங்கை அதைவிட நன்றாகத் தாங்கும் 97 ஊற்றி டியூன் செய்துகொண்டால் மறுபடியும் கெந்திங் செம்பாவில்தான் வந்து நிற்பார்.

தனிக் கணினியின் விலையைவிட எனக்குக் கவலை தருவது பூட்டு. டியூன் செய்தவர் மேப்புக்கு (கணினிக்குள் அவர் எழுதிய பெட்ரோல், தீப்பொறி அட்டவணைக்கு) கடவுச்சொல் போட்டுவிட்டால், நீங்கள் காசு கொடுத்து வாங்கிய கணினிக்குள் நீங்களே நுழைய முடியாது. ஓர் இன்ஜெக்டரை மாற்றினாலும் அவர் வாசலில்தான் நிற்க வேண்டும். அவர் கடையை மூடிவிட்டால் தொடக்கத்திலிருந்து மறுபடியும் செலவழிக்க வேண்டும். என்னிடம் வந்த ஒரு வாகனத்தில், நல்ல மேப்பை முழுவதும் அழித்துவிட்டு இரண்டு நாள் உட்கார்ந்து புதிதாக எழுத நேர்ந்தது. வண்டிக்காரர் முதல் டியூனுக்கும் பணம் கொடுத்திருந்தார், இரண்டாவதற்கும் கொடுத்தார். இப்படிப் பூட்டிய கணினிகள் மலிவு விலைக்குக் கைமாறுவதும் உண்டு. ஆகவே வேலை தொடங்கும் முன்பே, மேப் கோப்பும் கடவுச்சொல்லும் உங்களுக்கே சொந்தம் என்று ரசீதில் எழுதி வாங்குங்கள். பழைய வயரிங்கை வெட்டக் கூடாது என்பதையும் அதே ரசீதில் எழுதச் சொல்லுங்கள். எத்தனை குதிரைசக்தி என்று அச்சிட்டுத் தரும் தாளை நம்ப வேண்டாம். டைனோவுக்கு டைனோ எண் மாறும், ஒரே டைனோவில் முன்னும் பின்னும் எடுத்த அளவுக்கு மட்டுமே மதிப்புண்டு.

கடைசியாக, இஞ்சின் மாற்றம் உங்கள் கிராண்டில் (வாகனப் பதிவுச் சான்றிதழில்) பதிவாகியிருக்கிறதா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. பதிவில்லாத இஞ்சினோடு விபத்தில் சிக்கினால் காப்புறுதி நிறுவனம் கைவிரிக்கக்கூடும். புஸ்பாகோம் வாகனச் சோதனை, ஜேபிஜே எனும் சாலைப் போக்குவரத்துத் துறையின் ஒப்புதல் என்று நேர்மையாக முடிக்க நினைப்பவரைப் பல நாள் வேலைக்கு லீவு போட வைத்து, ஒவ்வொரு முகப்பிலும் வேறொரு தாள் கேட்டு அலைக்கழித்தால், "வண்டியே வர வேண்டாம், நான் முடித்துத் தருகிறேன்" என்னும் தரகரிடம் அவர் போகாமல் என்ன செய்வார்? இருந்தும் நீங்கள் போகாதீர்கள். இஞ்சின் எண்ணை நேரில் பார்க்காமல் எழுதப்பட்ட பதிவு, சாலைத் தடுப்பில் ஓர் அதிகாரி முன்மூடியைத் திறந்து பார்க்கும் வரைதான் நிற்கும். அன்று தரகரின் தொலைபேசி எடுக்கப்படாது. இஞ்சினோடு வந்த ஹாஃப்கட் (வெட்டி இறக்குமதி செய்யப்பட்ட பழைய வாகனத்தின் பாதி) வாங்கிய ரசீதையும் இறக்குமதித் தாளையும் கையோடு எடுத்துக்கொண்டு நீங்களே செல்லுங்கள்.