லான் மூவர் பிளேடை எப்போது, எப்படித் தீட்டுவது?

பெங்களூரு ஒயிட்ஃபீல்டிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "வீட்டு முன்னால் மெக்சிகன் புல் போட்டிருக்கிறோம், கரன்ட்டில் ஓடும் லான் மூவர். வெட்டிய இரண்டு நாளில் நுனியெல்லாம் பழுப்பாகிவிடுகிறது. தண்ணீர் போதவில்லையா? சாணை பிடிப்பவரிடம் பிளேடைக் கொடுக்கலாமா?"

தண்ணீரைக் கூட்டாதீர்கள், முதலில் குனிந்து புல்லின் நுனியைப் பாருங்கள். நார் நாராகக் கிழிந்திருந்தால் பிளேடு மழுங்கிவிட்டது. சுழலும் பிளேடு வேகத்தில் அடித்துத்தான் வெட்டுகிறது, கூர் போனால் புல் கிழியும், கிழிந்த இடம் காய்ந்து பழுப்பாகும், மழைக்காலத்தில் அது வழியாகவே பூஞ்சையும் ஏறும்.

கழற்றும் முன் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். ஸ்விட்சை மட்டும் அணைத்துவிட்டுக் கை வைக்கவே கூடாது. (பெட்ரோல் மெஷின் என்றால் ஸ்பார்க் பிளக் ஒயரைக் கழற்றிவிட்டு, ஏர் ஃபில்டர் மேல்பக்கம் வரும்படி சாய்க்க வேண்டும்.) தடித்த கையுறை போட்டு, பிளேடு சுற்றாமல் ஒரு மரக்கட்டையை முட்டுக் கொடுத்து போல்ட்டைக் கழற்றுங்கள். எந்தப் பக்கம் கீழே இருந்தது என்று போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள், திருப்பி மாட்டினால் எவ்வளவு தீட்டியும் சரியாக வெட்டாது.

சாணை பிடிப்பவரிடம் தாராளமாகக் கொடுக்கலாம், ஆனால் பக்கத்திலேயே நில்லுங்கள். சமையல் கத்தி மாதிரி மெல்லிசாக்கிவிட்டால் முதல் கல் பட்டதுமே விளிம்பு மடங்கிவிடும், ஏற்கெனவே இருக்கும் சரிவை, பெரும்பாலும் 30 முதல் 45 டிகிரிக்குள் இருக்கும், அப்படியே பிடித்துப் போகச் சொல்லுங்கள். இரும்பு நீலம் பாயும் அளவுக்குச் சூடானால் அதன் உறுதி போய்விடும். என்னைக் கேட்டால் கை அரம்தான் மேல்: வைஸில் (பொருளை அசையாமல் பிடித்துக்கொள்ளும் இரும்புப் பிடி) இறுக்கி, ஒரே திசையில் அராவினால் போதும்.

அப்புறம் பேலன்ஸ், ரொம்பப் பேர் இதை விட்டுவிடுகிறார்கள். பிளேடின் நடு ஓட்டையைச் சுவரில் அடித்த ஆணியில் மாட்டிப் படுக்கையாக விடுங்கள், எந்தப் பக்கம் இறங்குகிறதோ அதை இன்னும் கொஞ்சம் அராவுங்கள். கனம் ஒரு பக்கம் கூடியிருந்தால் மெஷின் அதிரும், நாளடைவில் மோட்டார் பேரிங் போகும்.

20, 25 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை தீட்டினால் போதும். ஆனால் புது லேஅவுட்களில் மண்ணுக்குள் ஜல்லி கிடக்கும், 'டங்' என்று சத்தம் கேட்டால் அன்றே கழற்றிப் பாருங்கள். விரிசலோ வளைவோ தெரிந்தால் தீட்ட வேண்டாம், புதிது வாங்குங்கள். கடைக்குப் போகும்போது பழைய பிளேடையும் எடுத்துப் போங்கள், நீளமும் நடு ஓட்டையும் ஒத்துப்போக வேண்டும்.