மச்சான் அனுப்பின பெட்டிக்குள்ள ட்ரீம் ரீம்

கேள்வி: கனடாவில இருக்கிற மச்சான் தான் சின்னனில சேர்த்த பாஸ்கட்போல் காட் (ஆட்டக்காரர்ர படம் போட்ட சின்ன அட்டை) ஒரு பெட்டி அனுப்பியிருக்கிறார். முக்கால்வாசி அமெரிக்க நேஷனல் ரீம் ஜேர்சி போட்டது. இதுக்கு விலையே இல்லை, கிளப் ஜேர்சி காட்தான் காட் எண்டு பெடியள் நக்கலடிக்கிறாங்கள். விட்டுடவா, தொடர்ந்து சேர்க்கவா?
- கிளிநொச்சி வாசகர்

பதில்: தம்பி, வித்துக் காசு பாக்கிற எண்ணம் இருந்தா இப்பவே விட்டுடுங்கோ. வச்சுப் பாக்கிற ஆசை எண்டா இதவிட மலிவா ஒண்டும் கிடைக்காது.

ஏன் மலிவு எண்டா, 90களின்ர தொடக்கத்தில கொம்பனியள் கண்டபாட்டுக்கு அடிச்சுத் தள்ளினவங்கள், அதோட சேகரிக்கிற ஆக்கள் தேடுறது ஒருத்தர் என்பிஏக்கு (அமெரிக்காவின்ர தொழில்முறை பாஸ்கட்போல் லீக்) வந்த முதல் வருசக் காட்டைத்தான், அதைத்தான் ரூக்கி காட் எண்டுறது, நேஷனல் ரீம் காட்டை ஒரு ஓரமா ஒதுக்கிப் போடுவினம். அதால மைக்கல் ஜோர்டன்ர காட்டே அந்த செற்றுகளில சில்லறைக் காசுக்குக் கிடக்கும். கிரேடிங்குக்கு (காட்டின்ர தரத்தைப் பாத்துப் புள்ளி போடுறது) அனுப்பினா காட்டைவிட ஃபீஸ் கூட, அந்த ஐடியா வேண்டாம்.

பெட்டியில ஸ்கைபொக்ஸ் கொம்பனி அடிச்ச 1991-92 காட் இருந்தா வடிவாப் பாருங்கோ. ட்ரீம் ரீம் எண்டு சொல்லுற 1992 பார்சலோனா ஒலிம்பிக் அமெரிக்க ரீமுக்கு 1991 செப்ரெம்பரில முதல்ல பத்துப் பேரைத்தான் அறிவிச்சவை, கிளைட் ட்ரெக்ஸ்லரும் காலேஜ்ல இருந்து வந்த கிறிஸ்ரியன் லேற்னரும் 1992 மேயிலதான் சேந்தவை, அதால அந்தக் காட்டுகளில ரெண்டு பேரும் இல்லை. 1992ல வந்த ஸ்கைபொக்ஸ் யூஎஸ்ஏ செற் 110 காட், ஒரே ஆளுக்கே கன காட் வரும், டபுள் எண்டு நினைச்சு ஆருக்கும் தூக்கிக் குடுத்துடாதேங்கோ.

எனக்கு உதுகளுக்குள்ள ஆகப் பிடிச்சது 1994 செற்றுகளில வாற என்பிஏ ஆட்டக்காரர் ஐசேயா தோமஸ். மனுசனை 1980ல ஒலிம்பிக் ரீமில எடுத்தவை, அமெரிக்கா மொஸ்கோவைப் பகிஷ்கரிச்சது, போகேலாமப் போச்சு. 1992ல ஆளை எடுக்கவே இல்லை, அந்தச் சண்டையை இண்டைக்கும் கதைக்கினம். 1994 ரொறன்ரோ உலகக் கிண்ணத்துக்கு எடுத்தவை, குதிக்கால் நரம்பு அறுந்து அதுவும் இல்லை. ஆனா காட் அடிச்சாச்சு, யூஎஸ்ஏ ஜேர்சியோட நிக்கிறார். இப்பிடி ஒரு கதை எந்த ரூக்கி காட்டில இருக்கு சொல்லுங்கோ பாப்பம்? (எங்கட தர்ஜினி சிவலிங்கம் 2011 உலக வலைப்பந்தாட்டத்தில கலக்கின கலக்கலுக்கு ஒரு காட் அடிச்சா முதல் ஆளா நான் வாங்குவன், அது வேற கதை.)

வாங்கிறதெண்டா ஒவ்வொண்டா வாங்காதேங்கோ, தபால் செலவு காட்டின்ர விலையை விழுங்கிடும். முழு செற்றாப் பாத்து மச்சான்ர வீட்டு அட்ரஸுக்கு எடுத்து வைக்கச் சொல்லுங்கோ, வற்றாப்பளைப் பொங்கலுக்கு வரேக்க பாக்கில கொண்டு வரட்டும்.

வச்சிருக்கிறதுதான் வன்னியில பெரிய பாடு. தகரக் கூரை வீடெண்டா வெக்கையில காட் வளையும், மாரியில ஈரத்துக்கு ஒண்டோட ஒண்டு ஒட்டும், ஒட்டினதை இழுத்தா படம் உரிஞ்சு வரும், கறையானைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஒவ்வொண்டுக்கும் மெல்லிய பிளாஸ்ரிக் உறை, பிறகு இறுக்கி மூடுற டப்பா, உள்ள புதுச் சப்பாத்துப் பெட்டியில வாற அந்தச் சின்ன ஜெல் பக்கற் ரெண்டு, டப்பா நிலத்தில இல்லாம அலுமாரி நடுத்தட்டில. இறப்பர் பான்ட் போடவே கூடாது, ஓரம் வெட்டுப்படும்.

மெய்யான டபுள் வந்தா மாத்துறதுக்கு வச்சிருங்கோ. நக்கலடிச்ச பெடியளே வந்து ஜோர்டனை மட்டும் கேப்பாங்கள், பதிலுக்கு ரெண்டு தோமஸ் கேளுங்கோ.