வெளுத்த முனை

அன்புள்ள ஐயா,

வார்ப்பிரும்பு பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்துவிட்டு ஜெர்மன் இரும்பு உருக்கியல் அறிஞர் அடால்ஃப் லேடெபூரின் வாழ்க்கையைத் தேடிப் படித்தேன். 38 வயதில்தான் பேராசிரியர் ஆகியிருக்கிறார். அதுவரையிலான ஆண்டுகளை உலையடியில் வீணடிக்காமல் இருந்திருந்தால் இன்னும் எவ்வளவோ கண்டுபிடித்திருப்பார் அல்லவா? நான் உலோகவியல் இறுதியாண்டு மாணவன். பவுண்டரி வேலை ஒன்று கிடைத்திருக்கிறது. அதை விட்டுவிட்டு நேராக முனைவர் பட்டத்துக்குப் போகலாமா? ஜெர்மன் மொழி தேவைப்படுமா?

ஒரு மாணவன், கோவை

அன்புள்ள தம்பிக்கு,

ஜெர்மன் கற்றுக்கொள்ளுங்கள், நல்லதுதான். ஆனால் 'வீணடிக்காமல்' என்று எழுதினீர்களே, அந்தச் சொல்லை என்னால் கடந்துபோக முடியவில்லை. சில வாரங்களாக லேடெபூரையே நினைத்துக்கொண்டிருந்த என்னிடம் போய் அதைச் சொல்லியிருக்கிறீர்கள்.

1837இல் பிளாங்கன்பர்க்கில் பிறந்து, ஹார்ட்ஸ் மலைப்பகுதி இரும்பாலைகளில் தொழில் பழகி, சாக்சனியின் க்ரோடிட்ஸ் ஆலையில் பொறுப்பு வகித்தவரைத்தான் ஃப்ரைபர்க் சுரங்கக் கல்விக்கழகம் 1875இல் அழைத்துக்கொண்டது. வெள்ளிச் சுரங்கங்களை நம்பி 1765இல் தொடங்கிய அந்தக் கழகத்தில் இரும்பு உருக்கியலைத் தனித் துறையாகக் கற்பிக்க உலையடியில் நின்றவர் வேண்டியிருந்தது. 1906இல் இறக்கும்வரை அவர் அங்கேயே இருந்தார், கழகத்தின் தலைவராகவும் (ரெக்டர்) ஆனார். 1884இல் வெளிவந்த அவருடைய இரும்பு உருக்கியல் கையேடும், வார்ப்புத் தொழிலுக்கென்றே தனியாக எழுதிய கையேடும் நீங்கள் வீண் என்று சொல்லும் அந்த ஆண்டுகளில் விளைந்தவைதாம்.

என் கல்லூரி ஆசிரியர் ஒருவர் கரும்பலகையில் கோடு கிழித்து, 4.3 சதவீதக் கார்பன், 1147 டிகிரி செல்சியஸ், லேடெபுரைட் என்று எழுதிப்போட்டார் (அந்த அளவு கார்பன் உள்ள உருகிய இரும்பு அந்த வெப்பநிலையில் உறையும்போது உருவாகும், கார்பைடு கலந்த அமைப்பு அது; லேடெபூரின் பெயரைத் தாங்கியது); மனப்பாடம் செய்து எழுதி முழு மதிப்பெண் வாங்கினேன். பிறகு வேலைக்குப் போன பவுண்டரியில், குபோலா என்ற உருக்கு உலையிலிருந்து இறக்கிய உலோகத்தில் சிறிது எடுத்து ஆப்பு வடிவ அச்சில் ஊற்றி, ஆறியதும் சுத்தியலால் ஒரே அடியில் உடைத்த முதிய மோல்டர் (அச்சு செய்து வார்ப்பவர்), துண்டை என் உள்ளங்கையில் வைத்தார். தடித்த பக்கம் சாம்பல் நிறம். கூர்முனையில் வெள்ளி போல வெண்மை.

"சில் அடிச்சிருக்கு தம்பி, சிலிக்கான் பத்தல" என்றவர், உருகிய உலோகம் இருந்த லேடிலில் (பெரிய கரண்டிக் கலத்தில்) பெரோ சிலிக்கான் என்ற இரும்பு-சிலிக்கான் கலவையைப் போட்டுவிட்டு மறுபடியும் ஓர் ஆப்பு ஊற்றினார்.

மெல்லிய முனை வேகமாகக் குளிர்ந்ததால் கார்பன் கிராஃபைட்டாகப் பிரியாமல் இரும்போடு சேர்ந்து கார்பைடாகிவிட்டிருந்தது; இப்படி வெளுப்பதைத்தான் அவர் 'சில்' என்றார். அந்த வெண்மைக்குள் இருந்ததுதான் லேடெபுரைட் என்பது அன்றிரவு படுத்த பிறகுதான் எனக்கு உறைத்தது. கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தும் பெயர் சொல்லத் தெரியாமல் நின்றிருக்கிறேன்! அந்த வெண்மை வார்ப்பின் மெல்லிய ஓரத்தில் வந்துவிட்டால், கடைசலில் கருவி முனை மழுங்கும், வார்ப்பு திரும்பி வரும், ஒருவர் பதில் சொல்லியாக வேண்டும். லேடெபூர் வகுப்பறைக்குள் நுழைந்தபோது பதில் சொல்லிப் பழகியவராக நுழைந்தார். எனக்குக் கற்பித்தவருக்கு அந்த வாய்ப்பு அமையவில்லை. அவர்மீது இன்று எனக்குக் கோபமில்லை, வருத்தம்தான். அதே வழியில் நீங்களும் போகத் துடிப்பதைப் பார்த்தால்தான் கோபம் வருகிறது.

ஆராய்ச்சிப் படிப்பு எங்கும் ஓடிவிடாது. வேலையில் சேருங்கள். முதல் மாதத்திலேயே ஓர் ஆப்பை உங்கள் கையால் ஊற்றி உடைத்துப் பாருங்கள். முனையில் வெண்மை எத்தனை மில்லிமீட்டர் இருந்தது, அன்று ஊற்றிய வார்ப்பின் மிக மெல்லிய சுவர் எவ்வளவு தடிமன் என்று அளந்து எனக்கு எழுதுங்கள். முனைவர் பட்டத்தைப் பற்றி அந்தக் கடிதத்துக்கான பதிலில் பேசுகிறேன்.