குறை டையிலா, பொருத்தியதிலா?: தோட்டா நிரப்புவோர் கேள்வி-பதில்

கேள்வி: வணக்கம் அண்ணா. மான் வேட்டைக்காக .308 வின்செஸ்டர் தோட்டாக்களை வீட்டிலேயே நிரப்பத் தொடங்கியிருக்கிறேன். 150 கிரெயின் சாஃப்ட் பாயின்ட் குண்டு. சீட்டிங் டையில் (குண்டைக் கூட்டுக்குள் அழுத்தி உட்கார வைக்கும் அச்சு) குண்டை இறக்கினால் அதன் மூக்கைச் சுற்றி வளையம்போல் தழும்பு விழுகிறது. நீளமும் ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லை. சில தோட்டாக்கள் சேம்பருக்குள் (துப்பாக்கியில் தோட்டா உட்காரும் அறை) போகவே மறுக்கின்றன. டையைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா?
– ஒரு வாசகர், சான் அன்டோனியோ, டெக்சாஸ்

பதில்: அவசரப்படாதீர்கள் தம்பி. டூல் ரூமில் வேலை பார்த்த பழக்கத்தில் சொல்கிறேன்: உலோகம் எங்கே உரசியதோ அங்கே தடம் விட்டிருக்கும். அந்தத் தடத்தைப் பார்த்தபிறகு டையைக் குறை சொல்லலாம். உங்கள் கடிதத்தில் இருப்பது ஒரு கோளாறு அல்ல, மூன்று.

முதலில் சேம்பருக்குள் போகாத தோட்டாக்கள். அவற்றைத் தள்ளி அழுத்தி நுழைக்கவே கூடாது. தனியாக எடுத்து வையுங்கள். பெரும்பாலான சீட்டிங் டைகளுக்குள் கிரிம்ப் செய்வதற்கென்று (கூட்டின் வாயைக் குண்டின் மேல் மடக்கிப் பிடிக்க வைப்பது) ஒரு படி இருக்கும். டையை அளவுக்கு மீறித் திருகி இறக்கியிருந்தால், குண்டு இறங்கும்போதே அந்தப் படி பித்தளைக் கூட்டின் வாயை அழுத்தும். உங்கள் குண்டில் கிரிம்புக்கான பள்ளம் இல்லையென்றால் வாய் உள்ளே மடங்க இடம் கிடையாது. அழுத்தம் முழுவதும் கூட்டின் தோள்பட்டைக்கு (கழுத்துக்குக் கீழே சரியும் பகுதி) போய், அது கண்ணுக்குத் தெரியாத அளவுக்குப் புடைத்துவிடும்.

சரிசெய்வது சுலபம். வெடிமருந்தும் பிரைமரும் (அதைப் பற்றவைக்கும் சிறு குப்பி) இல்லாத, சைஸ் செய்த (பழைய அளவுக்குச் சுருக்கிய) கூடு ஒன்றை ஷெல் ஹோல்டரில் வைத்து, அதைத் தாங்கும் ராமை மேலே முழுக்க ஏற்றுங்கள். டைக்குள் இருக்கும், குண்டைத் தள்ளும் ஸ்டெம்மை நன்றாக மேலே தூக்கிவிட்டு, டையைக் கையால் மெல்லத் திருகி இறக்குங்கள். கூட்டின் வாயில் படி தொடும் இடத்தில் விரலுக்கு ஒரு தடுப்பு தெரியும். அங்கிருந்து ஒரு முழுச் சுற்று பின்னால் திருப்பி லாக் ரிங்கை இறுக்குங்கள். இந்த டைகளின் மரை ஓர் அங்குலத்துக்கு 14 என்பதால், ஒரு சுற்றுக்குக் கிட்டத்தட்ட 1.8 மில்லிமீட்டர் இடைவெளி கிடைக்கும். அப்புறம் கூடுகளின் நீளத்தையும் பாருங்கள். .308-க்கு உச்ச அளவு 2.015 அங்குலம், வெட்டி வைப்பது 2.005-க்கு. நீண்டும் குட்டையுமாகக் கூடுகள் கலந்திருந்தால், ஒன்றில் படி தொடும், இன்னொன்றில் தொடாது. உங்களுக்குச் சில மட்டும் மாட்டிக்கொண்டதற்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

அடுத்தது வளையத் தழும்பு. ஸ்டெம்மின் குழிவு உங்கள் குண்டின் மூக்கு வளைவோடு பொருந்தவில்லை. குழிவின் விளிம்பு மட்டும் ஓர் இடத்தில் கடிக்கிறது. இதை உறுதிசெய்ய ஒரு குண்டின் மூக்கு முழுக்கக் கறுப்பு மார்க்கரால் பூசி, மருந்தில்லாத கூட்டில் இறக்கிப் பாருங்கள். மை மெல்லிய கோடாகச் சுரண்டப்பட்டிருந்தால் விளிம்பு கடிக்கிறது. நுனியில் மட்டும் அழிந்திருந்தால் குண்டின் முனை குழிவின் அடியில் முட்டுகிறது, அது இன்னும் மோசம். விளிம்பு கூர்மையாக இருந்தால் 600 நம்பர் எமரித் தாளால் லேசாக மழுக்கினால் போதும். முனை முட்டினால் அந்தக் குண்டுக்குரிய ஸ்டெம்மை டை தயாரித்தவர்களிடமே கேட்டு வாங்குங்கள், வீட்டில் துளையிட வேண்டாம். கூட்டின் வாயை உள்பக்கம் சேம்ஃபர் செய்தீர்களா (விளிம்பைச் சாய்வாகச் சீவுவது)? செய்யாவிட்டால் குண்டு இறங்கவே அதிக பலம் வேண்டியிருக்கும், தழும்பும் ஆழமாகும்.

நீள வித்தியாசத்துக்குப் பெரும்பாலும் காலிப்பரை வைத்து அளக்கும் இடம்தான் காரணம். சாஃப்ட் பாயின்ட் குண்டின் ஈய முனை பெட்டிக்குள் உருண்டே நசுங்கியிருக்கும். ஸ்டெம் முனையைப் பிடிப்பதில்லை, வளைவைத்தான் பிடிக்கிறது. வளைவில் உட்காரும் கம்பேரேட்டர் என்ற துணைக்கருவி ஒன்றைக் காலிப்பரில் மாட்டி, அடியிலிருந்து வளைவுவரை அளந்து பாருங்கள். அங்கேயும் எண்கள் தாவினால் ஸ்டெம்மின் லாக் நட் தளர்ந்திருக்கிறதா, நெம்புகோலை ஒவ்வொரு முறையும் முழுக்க இழுக்கிறீர்களா என்று பாருங்கள்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். மேகசினுக்குள் அடங்க வேண்டும் என்பதற்காகக் குண்டை மேனுவலில் சொன்னதைவிட ஆழமாக இறக்காதீர்கள். உள்ளே இடம் குறைந்தால் அழுத்தம் ஏறும். .308-இல் இது மெல்லத் தெரியும், 9 மில்லிமீட்டர் போன்ற சின்னக் கூட்டில் சட்டென்று ஆபத்தான அளவுக்கு ஏறிவிடும்.

கேள்வி: மைக்ரோமீட்டர் தலை வைத்த டை வாங்கினால் குண்டு நேராக உட்காருமா?
– ஒரு வாசகி, அட்லாண்டா

பதில்: மைக்ரோமீட்டர் தலை, பழைய அளவுக்குத் துல்லியமாகத் திரும்பி வர உதவும். இரண்டு மூன்று வகைக் குண்டு வைத்திருப்பவர்களுக்கு நல்ல வசதி. கோணலை அது தீர்க்காது. சைஸிங் டையின் எக்ஸ்பாண்டர் (கழுத்தை உள்ளிருந்து விரிக்கும் உருண்டை) கூட்டின் கழுத்தை ஒருபக்கமாக இழுத்துவிட்டால், எவ்வளவு விலை கொடுத்த சீட்டிங் டையும் அதை நேராக்க முடியாது. கழுத்தின் உட்புறத்துக்குக் கொஞ்சம் லூப் (மசகு) தடவிப் பாருங்கள். அதன்பிறகும் கோணல் இருந்தால், கூட்டையும் குண்டையும் ஒரே நேர்கோட்டில் பிடிக்கும் ஸ்லீவ் வைத்த டைக்குச் செலவு செய்யலாம்.

கேள்வி: கோயம்புத்தூரில் ரைஃபிள் கிளப் உறுப்பினன். நானும் வீட்டில் செய்யலாமா?

பதில்: கூடாது. அமெரிக்காவில் சொந்த உபயோகத்துக்கு நிரப்பக் கூட்டாட்சி உரிமம் தேவையில்லை, விற்பதற்குத்தான் வேண்டும். இந்தியாவில் 1959 ஆயுதச் சட்டத்தின் 5-ஆவது பிரிவுப்படி உரிமமில்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம்.

கேள்வி: .38 ஸ்பெஷலுக்கு, லூப் தடவிய வார்ப்பு ஈயக் குண்டு. காலையில் சரியாக வருகிறது, போகப்போக ஆழமாகிக்கொண்டே போகிறது. எதையும் நான் தொடவில்லை.
– ஒரு வாசகர், ஃபீனிக்ஸ்

பதில்: ஸ்டெம்மின் குழிவுக்குள் மெழுகு அடைந்துகொண்டே வருகிறது. அடைந்த தடிப்பளவுக்குக் குண்டு கீழே தள்ளப்படுகிறது. ஸ்டெம்மைக் கழற்றி மினரல் ஸ்பிரிட்டில் துடையுங்கள், டையின் உட்சுவரில் ஒட்டிய ஈயச் சீவலையும் எடுத்துவிடுங்கள். மாட்டியதும் அளவை மறுபடி சரிபார்த்துவிட்டுத் தொடங்குங்கள். ஏற்கெனவே ஆழமாக இறங்கியவற்றைச் சுட வேண்டாம். கண்ணாடி அணிந்துகொண்டு, புல்லரில் (குண்டைப் பிடுங்கும் கருவி) ஒவ்வொன்றாகப் பிரித்துவிடுங்கள்.