பயணப் பெட்டிச் சந்தாவைப் புதுப்பிக்கும் முன்

வணக்கம். பயணத்துக்கான பொருள்களை நிரப்பி மாதந்தோறும் அனுப்பப்படும் பயணப் பெட்டியின் ஆண்டுச் சந்தா பத்து நாளில் தானாகப் புதுப்பிக்கப்படவிருப்பதாகவும், அதை நீட்டிப்பதா, அந்தப் பணத்தில் நான்கு நாள் ஒரு நகரத்தைச் சுற்றிப் பார்ப்பதா என்றும் கேட்டிருந்தீர்கள். முதலில் விதிமுறைகளைப் படித்துவிட்டு, தானியங்கிப் புதுப்பிப்பை இன்றே நிறுத்திவிடுங்கள். பிறகு, இதுவரை வந்தவற்றில் உண்மையாகவே பயணத்துக்கு எடுத்துச் சென்ற பொருள்களை மட்டும் எண்ணிப் பாருங்கள். நான் எண்ணியபோது, பன்னிரண்டு பெட்டிகளில் தேறியவை ஒரு மடிப்புப் பையும் காதடைப்பானும்தான். அழகான 150 மில்லிலிட்டர் குப்பியில் வந்த சருமப் பூச்சு, பாதிக்குமேல் தீர்ந்திருந்தும், விமான நிலையச் சோதனையில் பறிபோயிற்று; பல விமான நிலையங்களில் கைப்பையில் எடுத்துச் செல்லும் திரவம், பூச்சு போன்றவற்றுக்கான 100 மில்லிலிட்டர் வரம்பு குப்பியின் கொள்ளளவைக் கொண்டே பார்க்கப்படுகிறது, உள்ளே எஞ்சியிருப்பதைக் கொண்டு அன்று. உங்கள் கணக்கும் இப்படித்தான் முடியுமென்றால், தயங்காமல் நகரத்துக்கே சென்றுவாருங்கள். நான்கில் ஒரு நாளையாவது, திட்டம் ஏதுமின்றி, ஒரே பகுதியில் நடந்து திரிவதற்கென ஒதுக்கிவையுங்கள்.